கழுவக் கழுவச் சாகும் கலர் மீன்கள்... தொட்டித் தண்ணீரில் என்ன கோளாறு?

‘‘எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ரொம்ப நாளாகக் கேட்கிறாளே என்று, நிலக்கடலை விற்ற காசில் 2 அடி கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்தோம். கோல்டு ஃபிஷ் 4, கப்பி 6, சக்கர் 2 என்று மொத்தம் 12 மீன்கள். மூன்றாம் நாளே தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகிவிட்டது. மீன்களை வாளியில் பிடித்து விட்டுவிட்டு, தொட்டி, கூழாங்கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மறுபடியும் மூன்று நாளில் அதே வெள்ளை. இப்படி மூன்று முறை கழுவியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று மீன்கள் செத்து, இப்போது மூன்றுதான் மிச்சம். ‘வீட்டில் மீன் சாவது குடும்பத்துக்கு ஆகாது, நமக்கு மீன் ராசி இல்லை, தொட்டியைத் தூக்கிக் கொல்லையில் போடு’ என்கிறார் என் மாமியார். மகள் மூன்று நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?’’

- திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

சகோதரி, இதைப் படித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தொட்டியைக் கழுவாமல் இருப்பது. நான்காவது முறை கழுவினால் அந்த மூன்று மீன்களும் பிழைப்பது கஷ்டம். ராசியைப் பற்றி அப்புறம் பேசுவோம். தண்ணீர் ஏன் வெள்ளையாகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வயலுக்கு யூரியா போட்டால் என்ன நடக்கிறது? யூரியா மண்ணில் கரைந்து அமோனியாவாகிறது. மண்ணில் இருக்கிற ஒரு வகை நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. பயிர் அதை எடுத்துக்கொள்கிறது. மீன் தொட்டியிலும் இதே கதைதான். மீன் தன் கழிவை அமோனியாவாகத்தான் வெளியேற்றுகிறது. அதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடும். தின்னாமல் அடியில் கிடக்கும் தீவனமும் அழுகி அமோனியாவாகும். அதை உண்டு நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள், ஓடிவரும் தண்ணீரில் அதிகம் இருக்காது. கூழாங்கல்லின் மேல், கண்ணாடியின் மேல், எல்லாவற்றையும்விட ஃபில்டர் பஞ்சின் கண்களுக்குள் ஒட்டிக்கொண்டு வாழும். அந்தப் பஞ்சில் வழுவழுவென்று பழுப்பாக இருக்கிறதே, அதை நீங்கள் அழுக்கு என்று தேய்த்துக் கழுவியிருப்பீர்கள். தொட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். சாண எரிவாயுக் கலனை முதல் தடவை நிரப்பியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சாணத்தைக் கரைத்து ஊற்றிய அன்றே அடுப்பு எரியாது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காலி செய்து மறுபடி நிரப்பினால், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். நீங்கள் மூன்று முறை காலி செய்திருக்கிறீர்கள்.

அப்படியானால் அந்த வெள்ளை நிறம் எது? அது வேறொரு வகை பாக்டீரியா. கரைந்த தீவனத்தையும் கழிவையும் தின்று, தண்ணீரிலேயே மிதந்தபடி கிடுகிடுவென்று பெருகுவது. புதுத் தொட்டியில் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். தீனி தீர்ந்ததும் தானாகவே அடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். அந்த வெள்ளை நிறத்தால் மீன் செத்துப் போவது அபூர்வம். அது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதற்காக ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். கரன்ட் போகிற ஊராக இருந்தால், ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாலும் போதும்.

மீன்களைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத மற்ற மூன்று விஷயங்கள். ஒன்று, அமோனியா. இதற்கு நிறம் கிடையாது. பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் இருக்கும். தண்ணீரின் கார அமில நிலை ஏற ஏற அதன் நச்சும் ஏறும். கார அமில நிலை 7 என்றால், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. 8 என்றால் நூற்றில் 5 பங்குக்கு மேல் நச்சாகிவிடும். 9-ஐத் தொட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் ஊர்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரில் 8 சாதாரணமாக வரும். அதனால்தான் மழைத் தண்ணீரில் தப்பிக்கும் மீன், போர் தண்ணீரில் அதே அளவு அமோனியாவுக்குத் தாங்காமல் போகிறது.

இரண்டாவது, குளோரின். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது நமக்காக வைத்த அளவு. அது நம் வயிற்றைக் காப்பாற்றும். ஆனால், மீனின் செவுளுக்கு அந்த அளவே ஆபத்து. மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று குழாயைத் திறந்தாலே மூக்கைத் துளைக்குமே, அந்தத் தண்ணீரை நேராக ஊற்றினால் சாயங்காலத்துக்குள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மூன்றாவது, ஒரே மூச்சில் முழுத் தண்ணீரையும் மாற்றும்போது ஏற்படும் சூடு, கார அமில நிலை மாற்றம். தொட்டித் தண்ணீர் ஒரு பதத்தில் இருக்கும், போரிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீர் வேறு பதத்தில் இருக்கும். மாட்டுக்கே தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறோம். மீனை மட்டும் ஒரே நாளில் வேறு தண்ணீரில் தள்ளலாமா?

இதில் நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைப் பளபளவென்று கழுவி, 20 ஏஞ்சல் மீன்களை ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவன் நான். நானும் அப்போது மீன் விற்ற கடைக்காரரைத்தான் திட்டினேன்.

இப்போது மிச்சமிருக்கும் மூன்று மீன்களுக்கு வருவோம். இரண்டு நாள் தீவனம் போடாதீர்கள். மீன் பட்டினியில் சாகாது. ஒரு பெரிய டிரம்மிலோ அகலமான பாத்திரத்திலோ தண்ணீர் பிடித்து, 24 மணி நேரம் திறந்து வையுங்கள். ஏர் பம்ப் குழாயை அதில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது, குளோரின் பறந்துவிடும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் போட்டாலும் சரி. ஒரு வாரத்துக்குத் தினமும், தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மட்டும் அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, இந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உங்கள் தொட்டி 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர் கொள்ளும். கல், மேல் இடைவெளி போக 45 லிட்டர் இருக்கும். அதாவது, தினமும் 11 லிட்டர், சின்ன வாளி ஒன்று.

லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து, இரண்டு மூன்று தவணையாக ஊற்றலாம். இது நைட்ரைட் நச்சு மீனின் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த அளவுக்குண்டான உப்பை மட்டும் திரும்பச் சேருங்கள். தொட்டி முழுவதற்கும் கணக்குப் பண்ணிப் போட்டுவிடாதீர்கள்.

பக்கத்து ஊரிலோ தெரிந்தவர் வீட்டிலோ, நோயில்லாமல் ஓடும் ஒரு பழைய தொட்டி இருந்தால், அவர்களுடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டையோ, அடிக்கல்லில் இரண்டு கைப்பிடியையோ கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. 6 வாரம் ஆகிற வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிடும். பஞ்சில் தண்ணீர் ஓடாமல் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்து அப்படியே மாட்டிவிடுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது. சோப்பு, பிளீச்சிங் பவுடர் பேச்சே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2 அடி தொட்டியில் 4 கோல்டு ஃபிஷ் என்பது ஒரு தொழுவத்தில் பத்து எருமையைக் கட்டுவது மாதிரி. அது அதிகமாகத் தின்று அதிகமாகக் கழியும் மீன். இந்தத் தொட்டிக்கு 10 கப்பிகள் போதும். அதையும் ஒரு மாதம் கழித்து, இரண்டு மூன்றாகத்தான் விட வேண்டும். கடைக்காரர் முதல் நாளே 12 மீன்களைக் கொடுத்து அனுப்பியதுதான் இந்தக் கதையின் தொடக்கம். தீவனத்தை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மேல் போடாதீர்கள். உங்கள் மகள் ஆசை ஆசையாகத் தினமும் நாலு முறை போட்டிருப்பாள். அவளைத் திட்டாமல், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எத்தனை முறை தீவனம், எத்தனை வாளி தண்ணீர், தண்ணீர் என்ன நிறம் என்று மூன்றே விவரம். உங்கள் மாமியாரிடம், கழுவியதால்தான் செத்தன என்று சொல்லிப் பாருங்கள். அவர் தலைமுறையில் சாண எரிவாயுக் கலன் வைத்திருந்தால் சட்டென்று ஒப்புக்கொள்வார்.

‘‘எங்கள் போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் தொட்டியில் ஊற்றி ஒரு ராத்திரி போனால் செம்மண் கரைத்த மாதிரி ஆகிறது. மீன்கள் மேலேயே நிற்கின்றன. ஃபில்டரில் தப்பா?’’

- விழுப்புரம் மாவட்ட வாசகர்.

ஃபில்டரில் தப்பில்லை. உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. ஆழத்தில் காற்றுப்படாமல் இருக்கும்வரை அந்த இரும்பு கரைந்தே இருக்கும், நிறம் தெரியாது. வெளியே வந்து காற்றுப்பட்டதும் துருவாக மாறிப் பிரியும். சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் மஞ்சள் தட்டி, அடியில் காவி படிந்திருந்தால் இரும்புதான். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப் போகும் என்று வீட்டில் யாராவது ஏற்கெனவே புலம்பியிருப்பார்கள்.

பார்வைக்கு அசிங்கம் என்பதோடு இது நிற்பதில்லை. மீன் இருக்கும் தொட்டிக்குள் இரும்பு பிரிந்தால், அந்தத் துரு செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். அதோடு, ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கரியமில வாயு அதிகம். இரண்டும் சேர்ந்துதான் மீனை மேலே நிறுத்துகின்றன. எனவே, துரு பிரிகிற வேலை தொட்டிக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றில், பூவாளி வழியாகவோ ஓட்டை போட்ட பக்கெட் வழியாகவோ உயரத்திலிருந்து தண்ணீரைத் தூறலாக விழ விடுங்கள். ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும். மறுநாள் முழுக்க அசையாமல் வையுங்கள். அதற்கு அடுத்த நாள், அடியில் நாலு விரல் அளவுக்கு விட்டுவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். இரும்பு மிக அதிகம் என்றால், இன்னொரு டிரம்மில் கீழே ஜல்லி, மேலே ஆற்று மணல் போட்டு அதன் வழியாக வடித்துவிட்டால் சுத்தமாக நின்றுவிடும். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரோ மாடித் தண்ணீரோ பிடிக்க வசதியிருந்தால், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

படிகாரம் போடலாமா, தேத்தாங்கொட்டை உரசி விடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் குடத்து நீரில் கலங்கிய மண்ணை அடியில் இறக்குவதற்கு உண்டானவை. மீன் இருக்கும் தொட்டியில் படிகாரம் போட்டால் கார அமில நிலை சட்டென்று இறங்கும், அதிலுள்ள அலுமினியம் செவுளைப் புண்ணாக்கும். பாக்டீரியாவால் வந்த வெள்ளையாக இருந்தால், இன்று தெளிந்து நாளை மறுபடி வரும். தின்னத் தீனி அங்கேயே இருக்கிறதே.

‘‘தண்ணீர் பாசிப் பச்சையாகிவிட்டது. சக்கர் மீன் விட்டால் சரியாகும் என்றார்கள். விட்டேன், சரியாகவில்லை. மயில்துத்தம் கொஞ்சம் போடலாமா?’’

- நாமக்கல் மாவட்ட வாசகர்.

தயவுசெய்து மயில்துத்தத்தைப் போர்டோ கலவைக்கே வைத்துக்கொள்ளுங்கள். தாமிரம் பாசியைக் கொல்லும். கூடவே நத்தையையும் மீனையும் சேர்த்துக் கொல்லும். அதற்கும் மீன் சாகும் அளவுக்கும் இடையே இடைவெளி கொஞ்சம்தான். 45 லிட்டர் தொட்டிக்கு எடை போட, நம் வீட்டுத் தராசு போதாது.

பச்சைத் தண்ணீர் கெட்ட தண்ணீர் இல்லை. கெண்டைக் குஞ்சு விடும் குளத்தில் சாணத்தைக் கரைத்து ஊற்றி நாம் வேண்டுமென்றே உண்டாக்குவது இந்தப் பச்சையைத்தான். கலர் மீன் உற்பத்தி செய்கிறவர்கள்கூடக் குஞ்சுகளை வெயிலில் இருக்கும் சிமென்ட் தொட்டியில், இளம்பச்சைத் தண்ணீரில் விட்டுத்தான் தேற்றுவார்கள். கண்ணாடித் தொட்டியில் மீனைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் இங்கே குறை. அடர்த்தி மிக அதிகமானால் வேறொரு கோளாறும் உண்டு. பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும் பாசி, ராத்திரி அதையே எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காரணம் அதுதான்.

காரணம் இரண்டு. வெளிச்சமும் உரமும். உங்கள் தொட்டி ஜன்னலோரத்தில் இருக்கும், அல்லது விளக்கு விடிய விடிய எரியும். நேர்வெயில் படாத மூலைக்கு மாற்றுங்கள். விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். பிறகு, தொட்டியைக் கறுப்புத் துணியாலோ சாக்காலோ நான்கு பக்கமும் மேலும் சேர்த்து 3 நாள் மூடி வையுங்கள். உள்ளே ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். தீவனம் வேண்டாம். எட்டிப் பார்க்கவும் வேண்டாம், இதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். நான்காம் நாள் திறந்து, செத்த பாசி அழுகி அமோனியா ஆவதற்குள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு வாரம் கால் பங்கு மாற்றி வந்தால் சேரும் நைட்ரேட்டும் குறையும், பச்சையும் திரும்பாது.

சக்கர் மீன் கண்ணாடியில் ஒட்டிய பாசியைத்தான் சுரண்டும். மிதக்கும் பாசியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விரல் நீளத்தில் வாங்கினாலும் ஓரடிக்கு மேல் வளரும், அதன் கழிவே தொட்டிக்குப் பெரிய உரம். வளர்ந்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஏரியிலும் கிணற்றிலும் கொண்டுபோய் விட்டவர்களால், இன்று நம் மாநிலத்து நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகிக் கிடக்கிறது. முள்ளு முள்ளான உடம்பு வலையைக் கிழிக்கிறது, வாங்குவாரும் இல்லை. உங்களிடம் இருப்பதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருவண்ணாமலை சகோதரிக்கும் இதே பதில்தான்.

தொட்டியில் அழகுக்குப் போட்ட மரக்கட்டையால் தண்ணீர் டீத்தண்ணீர் நிறமாகிவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கட்டையின் துவர்ப்பு இறங்குவதுதான் அது. மீனுக்குக் கெடுதல் இல்லை. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையைப் போட்டு அந்த நிறத்தை விரும்பியே வரவழைக்கிறார்கள். வேண்டாம் என்றால், கட்டையை எடுத்து ஒரு வாரம் தினமும் தண்ணீர் மாற்றி ஊற வைத்துப் போடுங்கள். மருந்து ஊற்றியதால் வந்த நீலம், ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை வைத்தால் போய்விடும்.

தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நைட்ரேட் உள்ள தண்ணீர், கறிவேப்பிலைக்கும் கத்திரிச் செடிக்கும் நல்ல சத்து. உப்பு போட்டிருக்கும் நாட்களில் மட்டும் தென்னை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். மருந்து கலந்த தண்ணீரை, சாப்பிடும் எந்தச் செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

சகோதரி, பத்து நாள் கழித்து, உங்கள் மகள் எழுதிய நோட்டைப் பார்த்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். மூன்றும் இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும்.